பலாமரத்துக் கருடன்

தம்பி,

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரமாய் முயன்று பார்த்தேன், முடியவில்லை. நான் வாயைத் திறக்கும்போதே நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். உனக்குப் பின்னால் ஒரு வாகனம் ஹாரன் அடிக்கும். யாரோ உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நானும் "சரி, வச்சிர்றேன்" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கினிகத்தேனைக்குப் போய் எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ புது வீட்டு ஹாலில் மாட்டுவதற்காகப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாயே, அந்தப் பறவைப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆணி அடிப்பதற்கு முன் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடு. படித்த பிறகு என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

படத்தின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தீபாவளிக்கு வந்தபோது உன் பழைய போனை என் கையில் கொடுத்து, "சும்மா இருக்காம எதையாவது படம் எடுங்கப்பா, பொழுது போகும்" என்றாய். எனக்குப் பொழுது போகவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கிறதே என்று அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ பஸ் ஏறிப் போன மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். கோழியை எடுத்தேன், கொய்யாப் பிஞ்சை எடுத்தேன், மழை பெய்து ஓய்ந்த பிறகு பொல்பிட்டிய பக்கம் கிளம்பும் பனியை எடுத்தேன். எல்லாப் படத்திலும் ஒரு மூலையில் என் கட்டைவிரலும் விழுந்திருந்தது. நீயும் எல்லாவற்றுக்கும் அந்த மஞ்சள் கட்டைவிரல் ஒன்றைத்தான் பதிலாக அனுப்பினாய். நான் அனுப்பியதிலும் கட்டைவிரல், நீ அனுப்பியதிலும் கட்டைவிரல். அப்பனும் மகனும் இப்படி விரலைக் காட்டிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினோம்.

உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷம் கங்காணி வேலை பார்த்தவன் நான். என் சத்தம் மூன்று மலைக்குக் கேட்கும் என்று தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிறகு மலை, மாலையில் கொழுந்து நிறுக்கிற இடம் என்று நாள் முழுக்க யாரையாவது அதட்டிக்கொண்டே இருந்த வாய் இது. இப்போது கோழிகளைத்தான் அதட்டுகிறேன். அவையும் என்னை மதிப்பதில்லை. சில நாள் மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பேசினால் தொண்டை கட்டினவன் குரல்போல வருகிறது. தனியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, தம்பி. நீ கேட்கும்போதெல்லாம் "எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கேன்" என்று சொன்னது பொய். இந்தக் கடிதத்தில் வரப்போகும் பொய்களில் அதுதான் சின்னது.

தை பிறந்து பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பறவை வந்தது. காலையில் கோழிக்குக் குருணை போடப் போனேன். பின்பக்கத்துப் பலாமரத்தில், வேலியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் உட்கார்ந்திருந்தது. தலை வெள்ளை, நெஞ்சு வெள்ளை, முதுகு காப்பிக் கொட்டை நிறம். நான் கையிலிருந்த தகரப் பேணியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெருமாளுடைய வாகனம் நம் வீட்டுப் பலாமரத்திலா! அது என்னைத் தலை சாய்த்து ஒரு பார்வை பார்த்தது. பறக்கவில்லை. கோழிகளும் குஞ்சுகளும் அதற்கு நேர் கீழேயே குருணை பொறுக்கிக்கொண்டிருந்தன, ஒன்றுகூடப் பயந்து ஓடவில்லை. பருந்தாக இருந்தால் தாய்க்கோழி இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும். குஞ்சைத் தொடாத பறவை சாமிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு எடுத்த முதல் படத்தைத்தான் உனக்கு அனுப்பினேன். கட்டைவிரல் விழாத முதல் படம் அது. ஐந்து நிமிஷத்தில் நீ கூப்பிட்டாய். வேலை நேரத்தில் நீ என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அப்பா, கருடன்தானேப்பா? அன்னைக்கு அம்மாவுக்கு வந்த மாதிரியே இருக்குப்பா. அம்மாதான் உங்களப் பாக்க வந்திருக்காங்க" என்றாய். நான் "ஆமாய்யா" என்றேன். அரை மணி நேரம் பேசினோம். அம்மா சுட்டுத் தந்த ரொட்டியைப் பற்றிப் பேசினாய். நீ ஹட்டனில் தங்கிப் படித்தபோது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அவள் கொடுத்தனுப்பும் சம்பல் போத்தலைப் பற்றிப் பேசினாய். போனை வைத்த பிறகு வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பலாமரத்துக்கு எதிரே போட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. பழைய மாட்டுப்பட்டியின் தகரத்துக்குப் பின்னால், சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அசையாமல் இருந்தால் அது பக்கத்துக் கிளைக்கு வரும் என்பதை இரண்டாம் நாளில் தெரிந்துகொண்டேன். போனை நீட்டும்போது மூச்சை அடக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் ஆடிவிடும் என்பது மூன்றாம் நாளில் தெரிந்தது. புறாவுக்கு இருப்பதுபோலச் சின்னத் தலை. மஞ்சள் கண். வாலை விரித்தால் குறுக்கே கறுப்புப் பட்டை. கருடனுக்கு வாலில் பட்டை உண்டா என்று ஒரு தடவை மனதில் ஓடியது, ஓட விட்டுவிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் நீ கூப்பிட்டாய். படம் எடுத்தால் மகன் பேசுவான் என்றால் எந்தத் தகப்பன்தான் வால் பட்டையை எண்ணிக்கொண்டிருப்பான்? ஐந்தாம் நாள், "இந்தப் படத்தப் பெருசா அடிச்சு புது வீட்டு ஹால்ல மாட்டப் போறேன்பா. குடிபோற அன்னைக்கு அம்மாவும் கூட இருந்த மாதிரி இருக்கும்" என்றாய். அதைக் கேட்டுத் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் அது வேட்டையாடியது. காலையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் சாக்குக்குள் தயாராக இருந்தேன். பறவை கிளையை விட்டு எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பலாமரத்தின் உச்சிக்குக் கீழே, இலைகள் அடர்ந்த இடத்தில் இரண்டு காலையும் முன்னால் நீட்டி அடித்தது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அடி விழுந்த பிறகுதான் இலை விலகித் தெரிந்தது. சொளகு அகலத்துக்குக் கறுப்பாக ஒரு குளவிக்கூடு. அத்தனை நாளாக அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். பறவை கூட்டில் தொங்கிக்கொண்டு அலகால் கிழித்தது. குளவிகள் கிளம்பி அதன் மேல் மொய்த்தன. அது கண்ணை மூடி மூடித் திறந்ததே தவிர விடவில்லை. வெள்ளையாகப் புழு நிறைந்த ஒரு துண்டைப் பிய்த்துக் காலில் இடுக்கிக்கொண்டு வேலிக்கப்பால் வாகை மரத்துக்குப் போய் ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றது. நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சுமனபாலதான். மின்சார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும். தலையில் ஈரச் சாரத்துணியைப் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா? உள்ளுக்கு வாங்க! கதவு மூடுங்க!"

கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு இரண்டு பேரும் அடுப்படியில் குந்தியிருந்தோம். கூரைத் தகரத்தில் மழைத் தூறல்போலச் சத்தம். குளவிகள் வந்து மோதிக்கொண்டிருந்தன. எனக்குக் காதில் ஒரு கொட்டு, அவருக்குப் புறங்கையில் இரண்டு. சுண்ணாம்பு எடுத்துத் தடவிவிட்டேன். படபடப்பு அடங்குவதற்காக, "கருடன் குளவியைக்கூடத் தின்னுமா, சுமனே?" என்று கேட்டேன். அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கருடன் எங்க அண்ணே? கருடன் ஆத்துப் பக்கம் இருக்கும், மீன் புடிக்கும். இது பம்பர உகுஸ்ஸா."

"அப்படின்னா?"

"பம்பரான்னா உங்க குளவி. உகுஸ்ஸான்னா கழுகு. குளவிக் கழுகு. சிங்களத்துல பேர்லயே இருக்கு. இது மரத்துல வந்து குந்தினா நாங்க புள்ளைகளை வெளிய விட மாட்டோம். கீழ நிக்கிறவனுக்குத்தான் ஆபத்து, அதுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, சத்தம் அடங்கியதும் போய்விட்டார். நான் அடுப்படியிலேயே இருந்தேன். போனை எடுத்து, அன்றைக்கு எடுத்த படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். வெள்ளைத் தலை. வெள்ளை நெஞ்சு. வாலில் கறுப்புப் பட்டை. காலில் கூட்டுத் துண்டு. இந்தப் பறவையைத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் பார்த்தேன், தம்பி. அன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் காலையைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ ஹட்டனில் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உனக்குக் கணக்குப் பேப்பர். விடியற்காலையிலேயே உன் அம்மா கோயிலில் சூடம் கொளுத்திவிட்டுத்தான் மலைக்கு வந்தாள். என் பொறுப்பில் இருபத்திரண்டு பெண்கள். பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் முன்னால், மலைக்கு மேல் விளிம்பில் நின்ற பெரிய வாகை மரத்தைச் சுற்றி அது வட்டமிட்டது. மகன் பரீட்சை எழுதுகிற நேரத்தில் கருட தரிசனம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் மேல பாருங்க, கருடாழ்வார் வந்திருக்காரு!" என்று, கீழே குடையோடு நின்றபடி, என் பெரிய குரலில் கத்தினேன். பெண்கள் எல்லாரும் கூடையோடு நின்று கும்பிட்டார்கள். உன் அம்மாவும் கும்பிட்டாள். ஆனால் கும்பிட்ட கையை எடுக்காமலேயே அவள் மரத்தை உற்றுப் பார்த்தாள். மேல் நிரையில், மரத்துக்கு மிகக் கிட்ட நின்றது அவள்தான்.

"என்னாங்க, அது சும்மா சுத்தல. மரத்துல எதையோ குறி வச்சு சுத்துது. கூடு கீடு இருக்கப் போவுது. நாங்க கீழ் நிரைக்கு எறங்கிரட்டுமா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இருபத்திரண்டு பேர் முன்னால், சிரித்துக்கொண்டே சொன்னேன். "சாமியப் பாத்துட்டு ஓடுற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன். பேசாம நிரையப் புடி." பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குனிந்து கொழுந்து எடுக்க ஆரம்பித்தாள். கங்காணி பெண்சாதி என்று சலுகை எடுத்துக்கொள்கிறாள் என யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவளுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. நான் கணவனாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை எதிர்த்துப் பேசியிருப்பாள். கங்காணியாகச் சொன்னதால் கேட்டுக்கொண்டாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். குளவி இறங்கியது. கீழே நின்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மேல் நிரையில் நின்றவளுக்கு இடுப்புக் கயிற்றை அவிழ்க்க நேரம் இல்லை. லொறியில் ஏற்றும்போது அவளுக்கு நினைவு இருந்தது. "பிள்ளைக்கு பேப்பர் முடியட்டும், அதுக்கப்புறம் சொல்லுங்க" என்றாள். என்னைப் பார்த்து வேறு எதுவும் சொல்லவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாலையில் நீ வெள்ளை யூனிபோர்மோடு, கையில் பேனாப் பெட்டியோடு வந்து நின்றாய். "யாருமே முன்னாடி கவனிக்கலையாப்பா?" என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டாய். லயத்து வீட்டுப் பெண்கள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். "கருடன் வந்து மூணு தரம் சுத்துச்சுய்யா. சாமியே வந்து கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. பூவும் பொட்டுமா போன புண்ணியவதி." அவர்களில் ஒருத்திகூட 'உங்கம்மா கீழே இறங்கக் கேட்டா, உங்கப்பாதான் விடல' என்று சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்லவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால் உனக்காகத்தான் இருக்கும். நீ என் முகத்தைப் பார்த்தாய். "திடீர்னு வந்திருச்சுய்யா, ஒண்ணும் தெரியல" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் பதினோரு வருஷம் மறைத்திருக்கிறேன்.

மறைத்தேன் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. என்னிடமே நான் மறைத்துக்கொண்டேன். குளவி கொட்டினால் "கழுகு கூட்டைக் கலைச்சிருச்சு" என்று மலையில் எல்லாரும் சொல்வது வழக்கம், எனக்கும் அது தெரியாததல்ல. ஆனால் என் மனதில் அந்தக் காலையில் இரண்டு பறவைகள் இருந்தன. ஒன்று நான் கும்பிட்ட கருடன், உன் அம்மாவுக்குத் தரிசனம் கொடுத்தது. மற்றது நான் பார்க்காத ஒரு கழுகு, எங்கிருந்தோ வந்து கூட்டைக் கலைத்தது. நான் பார்க்காத ஒன்றுக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினேன். சுமனபால தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பெயரில் அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் பெயரைச் சொன்னாலே பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டுக் கும்பிடச் சொன்னேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எனக்கு நமஸ்காரம் முதலில் நடந்துவிட்டது, கண் இப்போதுதான் வந்திருக்கிறது.

தெரிந்த அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். அடுப்படியை விட்டு எழுந்ததும் உன் பெயரை அழுத்தினேன். நீ எடுத்தவுடன், "அப்பா, இன்னைக்குக் கருடன் வந்துச்சா?" என்று கேட்டாய். பத்து வயசுப் பிள்ளைபோலக் கேட்டாய். "வந்துச்சுய்யா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. உன் மனம் நோகக்கூடாது என்பது ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை. உண்மையைச் சொன்னால் நீ கூப்பிடுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். கூடு காலியாகி, பறவையும் போய்விட்ட பிறகும், எடுத்து வைத்திருந்த பழைய படங்களை ஒன்றொன்றாக "இன்று வந்தது" என்று உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம், பதினான்கு படம். உன் அம்மாவின் சாவைக் காட்டி உன் குரலை வாங்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் புது வீட்டைச் சுற்றிக் காட்டினாய். ஹால் சுவரில் அந்தப் படத்தைச் சாய்த்து வைத்திருந்தாய். கதவு அளவுக்கு இருந்தது. பிறகு மாடிக்கு ஏறினாய். அப்போது மருமகள் பின்னாலிருந்து, "என்னாங்க, இந்தப் படிக்கட்டுக்குக் கைபிடி வச்ச பொறவு குடிபோவோமே, பிள்ளை தவழ ஆரம்பிச்சிருச்சு" என்றாள். நீ சிரித்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்து, "நல்ல நாள் குறிச்சாச்சு, பேசாம இரு. அப்பாகூடப் பேசிக்கிட்டிருக்கேன்ல" என்றாய். அவளும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியாது. அது என் குரல், தம்பி. அதே சிரிப்பு, அதே 'பேசாம'. நான் உனக்குச் சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன், இதைக் கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள்தான் கொப்பி வாங்கப் போனேன்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். வீட்டிலோ வேலையிலோ உனக்குக் கீழே நிற்கிறவர் யாராவது 'அங்கே என்னவோ சரியில்லை' என்று சொன்னால், நீ எவ்வளவு சந்தோஷத்தில் இருந்தாலும், எத்தனை பேர் முன்னால் இருந்தாலும், நின்று அவர் காட்டுகிற பக்கம் பார். கிட்ட நிற்கிறவருக்குத்தான் தெரியும். தூரத்தில் குடையோடு நிற்கிறவனுக்கு எல்லாம் கருடனாகத்தான் தெரியும். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுப் படிக்கட்டுக்குக் கைபிடி வை. நல்ல நாள் தள்ளிப்போனால் போகட்டும், இன்னொரு நாள் வரும்.

படத்தை என்ன செய்வது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எரித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டேன். அந்தப் பறவைமேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பசி, அதன் சாப்பாட்டை அது எடுத்தது. அது சாமியும் இல்லை, எமனும் இல்லை. மாட்டுவதானால் மாட்டு. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன பறவை என்று கேட்டால் கருடன் என்று சொல்லாதே. அதன் பேரைச் சொல். உன் அம்மாவைக் கருடன் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை, தம்பி. உன்னை வளர்க்க வேண்டும், உன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் கீழே இறங்கி வரத்தான் கேட்டாள். மலையில் இருபத்திரண்டு பேர் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். உன் பிள்ளை பெரியவனானதும் அவனுக்கு அதைச் சொல்.

குடிபோகிற அன்றைக்குப் பால் காய்ச்சும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கோழிகளைச் சுமனபால பார்த்துக்கொள்வார். ஆனால் இதைப் படித்த பிறகு நீ கூப்பிடாமல் நான் வர மாட்டேன். நாலைந்து நாள் எடுத்துக்கொள், ஒரு மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். 'வாங்க' என்றாலும் சரி, 'வராதீங்க' என்றாலும் சரி, உன் வாயால் சொல். கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிடாதே.

அப்பா